பாறைத் தீவைக் கவிதையாக்குவது எப்படி: செயின்ட் கில்டாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாறைத் தீவைப் பற்றிக் கவிதை எழுத உட்காரும் பலருக்கும் முதலில் வரும் சொல் தனிமை. அடுத்து மௌனம், அப்புறம் காலம். இந்த மூன்றையும் எழுதி முடித்தால் கவிதை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அதில் தீவு இருக்காது. தனிமை என்பது படகில் வந்து சில மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறவரின் உணர்வு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கயிறு இருந்தது, பறவை இருந்தது, வீட்டுக்கு வீடு பங்கு பிரிக்க இறைச்சி இருந்தது, காலையில் தெருவில் கூடிப் பேசி முடிக்க வேண்டிய வேலை இருந்தது. கவிதைக்கு வேண்டியது அவைதான் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வழிகாட்டி முழுக்க அதையொட்டியே போகும்.

உதாரணமாக ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி அட்லாண்டிக் கடலுக்குள் இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் செயின்ட் கில்டா. ஹிர்ட்டா, சோய், டூன், போரரே என்று நாலு தீவு, கூடவே கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைத் தூண்கள். ஹிர்ட்டாவில் மட்டும்தான் ஊர். கேலிக் மொழி பேசிய அந்த ஊர்க்காரர்களில் மிஞ்சியிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள்.

முதல் படி: ஒரு தீவைத் தேர்ந்தெடுங்கள், அதோடு நிறுத்துங்கள்

பொதுவாகத் "தீவுகள்" பற்றி எழுதாதீர்கள். தேர்வுக்கு மூன்று விஷயம் பார்த்தால் போதும். மனிதர் வாழ்ந்த தடம் இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பழைய பதிவு ஏதாவது கிடைக்க வேண்டும். அந்த இடத்துக்கே உரிய ஓர் உயிராவது இருக்க வேண்டும். அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் இதற்கு நல்ல இடம். துறவிகள் அடுக்கிய தேன்கூடு வடிவக் கற்குடில்கள் பாறை உச்சியில் இன்னும் நிற்கின்றன. செயின்ட் கில்டாவில் மூன்றும் தாராளமாக இருக்கின்றன.

நேரில் போயே ஆக வேண்டும் என்பதில்லை. கோடையில் ஹாரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து படகு போகிறது, ஆனால் கடல் விட்டால்தான் கரையிறங்க முடியும். நம்மில் பெரும்பாலோர் போகப் போவதில்லை. 1697-இல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் அங்கே போய் எழுதிவைத்த விவரங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்கள், நில வரைபடம் ஆகியவற்றை வைத்தே நிறையச் செய்யலாம். ஒரே நிபந்தனை: போகாத இடத்தில் "நான் நின்றேன்" என்று எழுதக் கூடாது.

இரண்டாம் படி: முதற்பொருளை எழுதுங்கள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. சங்கக் கவிஞர்கள் இந்த வரிசையில் யோசித்ததற்குக் காரணம் இருக்கிறது. நிலம் சரியாகக் கண்ணில் விழுந்துவிட்டால் உணர்ச்சி தானாக அதில் இறங்கும்.

ஒரு தாளில் நிலத்தை எழுதுங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்தடங்கிய எரிமலையின் மிச்சம் இந்தத் தீவுகள். மேற்குப் பக்கம் கரிய கேப்ரோ பாறை, கோனகேர் குன்றில் வெளிறிய கிரானைட். கோனகேரின் உயரம் 430 மீட்டர். அதன் வடபுறம் குன்றே கடலில் இறங்கிவிடுகிறது. மரம் கிடையாது. ஊர் இருந்த விரிகுடா மட்டும் தென்கிழக்கே திறந்திருக்கிறது, அந்தத் திசையிலிருந்து காற்று அடித்தால் படகு கரை சேராது.

இப்போது எண்களை உடம்புக்கு மாற்றுங்கள். "430 மீட்டர்" கவிதையில் ஒன்றும் செய்யாது. அந்த உயரத்திலிருந்து ஒரு கல் நேராக விழுந்தால் தண்ணீரைத் தொட ஒன்பது நொடிக்குக் குறையாது. ஒன்பது நொடியை மெதுவாக எண்ணிப் பாருங்கள், கயிற்றில் இறங்குகிறவன் உங்களுக்குப் புரிய ஆரம்பிப்பான். இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செயலைக் கண்டுபிடித்துப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பொழுதையும் மறக்க வேண்டாம். அங்கே கோடை இரவு முழுதாக இருட்டுவதில்லை, குளிர்காலப் பகல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த மாதம், எந்த நேரம் என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: கருப்பொருளில் தங்குங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பறவை, விலங்கு, உணவு, தொழில், கருவி என்று தனித்தனிப் பத்தி போட்டு நிரப்புங்கள். செயின்ட் கில்டாவுக்கு என் பட்டியலில் முதலில் வருவது ஃபுல்மார்.

ஃபுல்மார் கடற்காக்கை அளவுள்ள சாம்பல் நிறப் பறவை. கூடு என்று ஒன்றும் பெரிதாகக் கட்டாது, பாறை விளிம்பில் ஒற்றை முட்டை இடும். ஏழு வாரம் அடைகாக்கும். அந்த முட்டை போனால் அந்த ஆண்டு வேறு முட்டை கிடையாது. பக்கத்தில் போனால் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயை முகத்தில் பீய்ச்சும். அதனால் பிடிக்கிறவன் அது கக்குவதற்குள் கழுத்தைத் திருக வேண்டும், எண்ணெய் வீணாகக் கூடாது. அந்த எண்ணெய்தான் விளக்கு எரித்தது. இறைச்சி குளிர்காலச் சாப்பாடு. இறகு, நிலச் சொந்தக்காரரான மெக்லியோடுக்குக் கட்ட வேண்டிய வாடகையில் சேர்ந்தது. ஆகஸ்டில் குஞ்சுகள் கொழுத்துப் பறக்கத் தொடங்குமுன் ஊரே பாறைக்குப் போகும். பிடித்ததையெல்லாம் ஒரே குவியலாகப் போட்டு வீட்டுக்கு இத்தனை என்று பங்கு வைப்பார்கள். 1878-இல் ஷெட்லாண்ட் பகுதியின் ஃபவுலா தீவில் குடியேறும்வரை, பிரிட்டனில் இந்தப் பறவை முட்டையிட்டதாகத் தெரிந்த ஒரே இடம் செயின்ட் கில்டா.

இந்தப் பத்தியில் ஐந்தாறு கவிதைக்கான சரக்கு இருக்கிறது. அழகான பறவையாகிய பஃபினை நோக்கித்தான் எல்லோருடைய கையும் முதலில் போகும். நாற்றமடிக்கிற ஃபுல்மாரிடம் போங்கள் என்பேன். ஊரின் சாப்பாடும் வெளிச்சமும் வாடகையும் அதன் வயிற்றில்தான் இருந்தன.

அடுத்து கிளெய்ட். கல்லை அடுக்கி, மேலே புல்மண் போர்த்திய சிறு கட்டுமானம், சாந்து கிடையாது. கல்லிடுக்கு வழியாகக் காற்று ஊடுருவி உள்ளே வைத்த பறவையையும் முட்டையையும் கயிற்றையும் உலர்த்தும். ஹிர்ட்டாவில் மட்டும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. மழை பெய்துகொண்டே இருக்கிற ஊரில், உப்பும் அரிதாகவே கிடைத்த காலத்தில், காற்றையே வேலைக்கு வைத்துக்கொண்ட அறிவு அது. ஆள் போனபின் அதன் இடுக்குகளில் அந்தத் தீவுக்கே உரிய ரென் குருவி கூடு கட்டுகிறது. பெருநிலத்து ரென்னைவிடக் கொஞ்சம் பெரியது.

எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வகைச் சுண்டெலி இருந்தது. வயலெலி இன்றும் இருக்கிறது. வீட்டெலி, மனிதர் போன சில ஆண்டுகளில் அழிந்தேபோனது. 1930-ஐப் பற்றி எழுத எத்தனையோ வழி உண்டு. அடுப்பு அணைந்த வீட்டில் அந்த எலியை வைத்து எழுதினால் இரங்கல் என்ற சொல்லே தேவைப்படாது.

கானெட் பறவையின் கழுத்துத் தோலில் ஒரு காலத்தில் செருப்பு செய்து போட்டார்கள். இதுமாதிரி ஒரே வரியில் நிற்கும் செய்திகளைத் தனியாக எடுத்துவையுங்கள், விரித்தால் கெட்டுவிடும்.

நான்காம் படி: வரலாற்றில் ஒரு நாளை மட்டும் எடுங்கள்

பாறைத் தீவின் வரலாற்றை ஒரே கவிதையில் கொட்டுவது மிகப் பரவலான பிழை. நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஒன்றைத் தவிர மற்றதை மூடிவையுங்கள். செயின்ட் கில்டாவில் எடுக்கத் தகுந்தவை இவை.

1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறைத் தூணில் இறக்கிவிடப்பட்டார்கள். சில நாளில் படகு வந்து கூட்டிப்போக வேண்டும். படகு வரவில்லை. ஊரில் பெரியம்மை பரவி, படகைச் செலுத்தப் போதுமான ஆள் மிஞ்சவில்லை. அடுத்த மே மாதம்வரை, குளிர்காலம் முழுக்க, பறவையையும் மீனையும் தின்று அந்தப் பாறையிலேயே உயிரோடு இருந்தார்கள். கரையிலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. கவிதை அந்தத் தெரியாமையில் நிற்க வேண்டும், பெரியம்மை என்ற சொல் உள்ளே வந்தால் கவிதை செய்தியாகிவிடும். தலைப்பில் ஆண்டைப் போட்டுவிடுங்கள், மற்றதை வாசகர் தேடிக்கொள்வார்.

1840 வாக்கில் அதே பாறையில் பறக்கத் தெரியாத பெரிய ஆக் பறவை ஒன்று பிடிபட்டது. பிரிட்டனில் அந்த இனத்தின் கடைசிப் பறவை என்று கருதப்படுவது அதுதான். மூன்று நாள் கட்டிவைத்திருந்தார்கள். புயல் வந்தது. புயலைக் கொண்டுவந்த சூனியக்காரி இதுதான் என்று அடித்துக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. கொன்றவர்களைக் கேலி செய்யாமல் எழுத முடிந்தால் மட்டும் எழுதுங்கள். கடலை நம்பி மூன்று நாள் பாறையில் சிக்கியிருந்த பயத்தை முதலில் உணர வேண்டும்.

1734 முதல் 1740 வரை கிரேஞ்ச் சீமாட்டி ஹிர்ட்டாவில் சிறைவைக்கப்பட்டிருந்தார். கணவரின் ஏற்பாட்டில் எடின்பரோவிலிருந்து கடத்தப்பட்டவர். சுற்றிலும் பேசப்பட்ட கேலிக் அவர் மொழி இல்லை. இங்கே மட்டும் தனிமை என்ற பொருள் பொருந்தும், ஏனென்றால் இவர் தீவுக்காரர் இல்லை.

1918 மே மாதம் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி ஊர்மீது குண்டு வீசியது. ஆள் யாரும் சாகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகள் ஏராளமாக எட்டு நாளுக்குள் டெட்டனஸில் இறந்தார்கள். 1890-களில் அங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் கிருமிநீக்க முறையைக் கற்றுவந்து கையாண்டபின்தான் நின்றது.

ஐந்தாம் படி: உரிப்பொருளைச் சொல்லாமல் வையுங்கள்

உரிப்பொருள் என்பது பாட்டின் உணர்ச்சி. போன படியில் கடைசியாகச் சொன்ன செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபுல்மாருக்குத் திரும்புங்கள். ஒற்றை முட்டைக்கு ஏழு வாரம் அடைகாக்கும் பறவை. எட்டு நாள் குழந்தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். "போல" வேண்டாம், "அதுபோலவே அவளும்" வேண்டவே வேண்டாம். நம் மரபில் இதற்கு உள்ளுறை என்று பெயர்: இயற்கையைச் சொல்லும் வரிக்குள் மனிதரின் செய்தி படிந்திருக்கும், விளக்கம் இருக்காது. பாறைத் தீவுக் கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியை நான் அறியவில்லை.

கடல் என்றதும் நெய்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தத் தீவின் தொழில் மீன்பிடியைவிட மலையேற்றத்துக்கே நெருங்கியது. சங்கப் பாட்டில் மால்பு என்னும் கணுமூங்கில் ஏணியில் ஏறி மலைத்தேன் எடுக்கிறவனுக்கும், கயிற்றில் இறங்கிப் பறவை பிடிக்கிறவனுக்கும் ஒரே அச்சம்தான். குறிஞ்சியும் நெய்தலும் மயங்கிய நிலம் இது. ஒரு பாறைவாய் விளிம்பில் குதிகாலை ஊன்றி, உடலை முன்னே சாய்த்து நின்று காட்டினால்தான் பெண் கேட்கத் தகுதி வரும் என்றொரு வழக்கத்தை மார்ட்டின் பதிவு செய்திருக்கிறார். அது காதல் கவிதைக்கான களம். செயின்ட் கில்டா பற்றி எழுதப்படும் எல்லாமே புலம்பலாக இருக்கிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு. மார்ட்டின் பார்த்த மக்கள் பாட்டிலும் இசையிலும் ஈடுபாடு உள்ளவர்கள்.

ஆறாம் படி: யார் பேசுகிறார் என்று முடிவு செய்யுங்கள்

வருகையாளர் குரலைத் தவிர்த்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பாறையிலிருந்து விழுந்து இறந்தவர்களுக்காகப் பாடிய கேலிக் புலம்பல்களில் சில பதிவாகியிருக்கின்றன. நம் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமாகத் தோன்றாது. ஊர்க்கூட்டமும் நல்ல குரல்: ஆண்கள் தினமும் காலையில் தெருவில் கூடி அன்றைய வேலையை முடிவு செய்தார்கள். தலைவர் கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம். "நாம்" என்ற தன்மைப் பன்மையில் ஒரு கவிதை எழுதிப் பாருங்கள்.

பதிவில் பெயரோடு இருப்பவரின் வாயில் உங்கள் கருத்தைத் திணிக்காதீர்கள். அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். 1930-இல் கப்பலேறியவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் 2016-இல்தான் இறந்தார். "ஒரு பெண்", "ஒரு மூத்தவர்" என்று எழுதுவது நாகரிகம்.

ஏழாம் படி: முதல் வரைவு, பிறகு வெட்டு

1930-ஐ எடுத்துக்கொண்டு செய்துகாட்டுகிறேன். போகும் நாளில் வீடுகளில் ஒரு பைபிளையும் சிறு குவியல் ஓட்ஸையும் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். நாய்களைக் கல் கட்டி விரிகுடாவில் மூழ்கடித்தார்கள். வழக்கமாக வரக்கூடிய வரைவு இப்படி இருக்கும்:

ஆளில்லாத் தீவில்
தனிமை அலையடிக்கிறது.
காலம் உறைந்த கல்வீடுகள்
மௌனமாய் அழுகின்றன.
என்றோ போனவர் நினைவு
காற்றில் கரைகிறது.

கேட்க மோசமில்லை. ஆனால் எந்தத் தீவுக்கும் பொருந்தும், தனுஷ்கோடிக்கும் பொருந்தும். இதில் தொட்டுப் பார்க்கக்கூடியது கல்வீடு ஒன்றுதான், அதையும் அழவைத்தாயிற்று. தொட முடியாத சொற்களை அடித்துவிட்டு, கையால் செய்யும் வினைகளை வைத்து மறுபடி:

ஓட்ஸ் ஒரு பிடி
மேசைமேல் குவித்தாள்.
பைபிளைத் திறந்தாள்.
காற்று புரட்டாதிருக்க
ஜன்னலைப் பார்த்தாள்,
சாத்தியிருந்தது.
கதவைப் பூட்டினாள்.

கீழே விரிகுடாவில்
நாயின் கழுத்துக்கு
அளவாய் ஒரு கல்லை
அவன் தேடிக்கொண்டிருந்தான்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கதவைப் பூட்டியதும் "சாவியை முந்தானையில் முடிந்தாள்" என்று எழுதத் தமிழ்க் கை தானாகப் போகும். அந்தப் பெண் கம்பளிப் பாவாடையும் சால்வையும் போட்டவள். நம் வீட்டு அசைவை அவளுக்குக் கொடுத்தால் தீவு மறைந்துவிடும். இரண்டாவது, கடைசியில் "கல்லுக்குக் குறையில்லாத தீவு" என்று ஒரு வரி சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் கைதட்டல் கிடைக்கலாம், ஆனால் கல்லைத் தேடுகிறவனிடமிருந்து கண் நம்மிடம் திரும்பிவிடும். அவனோடு விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: ஓசை

பாறைக்கு வல்லினம், நீருக்கு இடையினம் என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். அகவலின் நாற்சீர் நடை தொழில் வரிகளுக்கு நன்றாகக் கைகொடுக்கும்:

கட்டுக் கயிற்றைக் கட்டிப் பிடித்து
ஒற்றைக் காலைப் பாறையில் ஊன்றி

ட்ட, ற்ற என்று முட்டி முட்டிப் போகிறது, இறங்குகிறவனின் நடை அது. இதன் கீழே "அலையின் விளிம்பில் அழியும் நுரையில்" என்று வந்தால் காலடியில் தரை போய்விடும். முழுக் கவிதையையும் யாப்பில் எழுதச் சொல்லவில்லை. இரண்டு வரி அகவலாக இறங்கி, பிறகு புதுக்கவிதைக்குத் திரும்பலாம்.

ஒன்பதாம் படி: அயல் பெயர்கள்

ஸ்டாக் அன் ஆர்மின், கிளெய்ட், ஃபுல்மார் எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். விளக்கம் பெயரோடு சேர்ந்த வினையில் இருக்கட்டும்: "கிளெய்ட்டின் கல்லிடுக்கில் கைவிட்டு உலர்ந்த இறைச்சியை எடுத்தான்" என்றால் கிளெய்ட் என்னவென்று தெரிந்துவிடும். ஒரு கவிதைக்கு இரண்டு அயல் பெயருக்கு மேல் போனால் தமிழ்க் காது தடுமாறும்.

பத்தாம் படி: சரிபார்ப்பும் வரிசையும்

எழுதி முடித்தபின் ஒவ்வொரு கவிதையையும் மாதத்தோடு ஒத்துப்பாருங்கள். 1930 ஆகஸ்ட் 29 கவிதையில் பஃபின் கூட்டம் வந்தால் தவறு, அதற்குள் அவை கடலுக்குப் போயிருக்கும். இன்று ஹிர்ட்டாவில் மேயும் சோய் ஆடுகளையும் அந்த நாளில் வைக்கக் கூடாது; 1932-இல்தான் 107 ஆடுகளைச் சோய் தீவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஊருக்குள் மரம் வந்திருந்தால் அடித்துவிடுங்கள். ஆனால் ஊரைவிட்டுப் போன பிறகு மரம் வரலாம். மரமே பார்க்காமல் வளர்ந்த அந்த ஆண்கள் சிலருக்குப் பெருநிலத்தில் வனத்துறையில்தான் வேலை கொடுத்தார்கள். அது தனிக் கவிதை.

ஏழெட்டுக் கவிதை சேர்ந்தால் ஆண்டு வரிசையில் அடுக்காதீர்கள், முடிவு 1930 என்று தெரிந்து எல்லாம் சோகமாகச் சரியும். பறவை வரும் மாத வரிசையில் அடுக்குங்கள்: கானெட், பஃபின், முட்டை, குஞ்சு, ஆகஸ்ட் வேட்டை, குளிர்காலம். நூற்றாண்டுகள் முன்பின்னாகக் கலந்து வரும். 1727-இன் சிறுவர்கள் குளிர்காலத்தில் வருவார்கள், கப்பல் ஆகஸ்டில் நடுவிலேயே வந்துபோய்விடும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் மாதத்தையும் ஆண்டையும் மட்டும் சிறிதாகப் போடுங்கள்.